புள்ளியா, கோடா?

எங்கள் கடைக்குச் சட்டை அடிக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்புவார்கள். அதுவும் யாரோ யாருக்கோ அனுப்பி, அவர் இன்னொருவருக்கு அனுப்பி, நாலு வீடு சுற்றி இளைத்துப்போன படமாக இருக்கும். சட்டை முதுகு அளவுக்குப் பெரிதாக்கினால் மாமனார் மூக்கு கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். "என் போன்ல கிளியராத்தானே அக்கா இருக்கு?" என்று சண்டைக்கு வருவார்கள். உன் போன் உள்ளங்கை அளவு, உன் மாமனார் முதுகு கதவு அளவு, பிறகு எப்படி என்று நான் கேட்டுவிடுவேன். அதனாலேயே முதலாளி ஹபீப் முகம்மது என்னைக் கவுண்டர் பக்கம் அதிகம் விடுவதில்லை.

என் பெயர் ஜெகதீஸ்வரி. பினாங்கு சூலியா தெருவில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் இருக்கிற டீ-சட்டைக் கடையில் வேலை. பாயான் லெப்பாஸ் பேக்டரியில் வெகுகாலம் நின்றே தேய்ந்த கால் இங்கேயும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அச்சான படத்தைத் துணியில் வைத்துச் சூட்டில் அழுத்தி ஒட்டுகிற மெஷின் என் பொறுப்பு. ஆனால் இது என் கதை இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் மயூரனைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

இந்த ஊரில் குடும்பம் என்று ஒன்று இருந்தால் குடும்ப தினம் என்று ஒன்று இருக்கும். பள்ளி விடுமுறையில் எல்லாக் கிளையும் கடற்கரையில் கூடும். கோழி சுடுவார்கள், கயிறு இழுப்பார்கள், எல்லாரும் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு படம் பிடிப்பார்கள். முதுகில் குடும்பப் பெயர், அதற்குக் கீழே ஒரு படம். எங்கள் கடைக்குப் பாதி வருமானம் அதில்தான். ஊரார் குடும்பத்தையெல்லாம் துணியில் ஏற்றி அனுப்புகிற மயூரனுக்குக் குடும்பம் என்று ஒன்று கிடையாது. ஜெலுத்தோங்கில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். மதியம் கீழே போய்ச் சோறு கட்டிக்கொண்டு வந்து, கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். தீபாவளிக்கு நான் முறுக்கு கொடுத்தால் டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வரும். நன்றாக இருந்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை வராது. நானாகக் கேட்டால், "ஓம் அக்கா, நல்லா இருந்தது" என்பார். யாழ்ப்பாணத்து வம்சம். தாத்தா காலத்தில் ரயில்வே குமாஸ்தா வேலைக்கு வந்தவர்களாம். எங்களுக்கு 'ஆமா' என்றால் அவருக்கு 'ஓம்'.

அவர் சுபாவமே அதுதான். கேட்டால் பதில் உண்டு. கேட்காவிட்டால் செத்தாலும் வாயைத் திறக்க மாட்டார். கடையில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் படம் எடுப்பவர் அவர். அதனால் எங்கள் படம் எதிலும் அவர் இல்லை. ஒருநாளாவது "நீயும் வாய்யா" என்று யாராவது கூப்பிட்டார்களா என்றால், நானும் கூப்பிடவில்லைதான். அவர் அந்தப் பக்கம் நிற்பது எங்களுக்குப் பழகிவிட்டது.

அவர் கணினியில் இரண்டு மென்பொருள். இங்கிலீஷில் ஒன்றை ராஸ்டர் வகை என்பார்கள், இன்னொன்றை வெக்டர் வகை என்பார்கள். முதலாளிக்கு அதெல்லாம் வாயில் நுழையாது. கடைக்குள் ஒன்று 'புள்ளி', இன்னொன்று 'கோடு'. போட்டோ என்பது புள்ளி. கோடிக்கணக்கான சின்னப் புள்ளி சேர்ந்து ஒரு முகம். சுருக்கம், மச்சம், வியர்வை எல்லாம் உள்ளது உள்ளபடி இருக்கும். ஆனால் இருக்கிற புள்ளிக்கு மேல் இழுத்தால் உடைந்துபோகும். கோடு என்பது வரைவது. இந்த வளைவு இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று கணினிக்குச் சொல்லிவிட்டால் போதும், கைக்குட்டைக்கும் அடிக்கலாம், கொம்தார் கட்டட உயரத்துக்கும் அடிக்கலாம், ஓரம் பிசிறாது. ஆனால் அதில் மச்சமும் இருக்காது, மனுஷனும் இருக்க மாட்டான். கண், மூக்கு, வாய் இல்லாத வட்டத் தலைகளாக வரைவதுதான் இப்போது நாகரிகம். அப்பா என்றால் ஒரு மீசை, அம்மா என்றால் ஒரு கொண்டை.

புது வேலை வந்தால் முதலாளி கவுண்டரிலிருந்தே குரல் கொடுப்பார். "மயூரா, புள்ளியா கோடா?"

"கோடு" என்று பதில் வரும். எப்போதும் கோடுதான். நல்ல போட்டோ கொடுத்தாலும் கோடு. புள்ளி என்றைக்காவது காலை வாரிவிடும், கோடு வாராது என்று காரணம் சொல்வார். சரி, வேலையும் ஆளைப் போலத்தானே இருக்கும் என்று நான் கிண்டல் செய்வேன். அதற்கும் சிரித்துவிட்டுப் போவார்.

போன நவம்பரில் ஈப்போவிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. அப்புத்துரை குடும்பம். பினாங்கில் இருந்து ஈப்போவுக்குப் போனவர்கள், குடும்ப தினத்தை மட்டும் இங்கே பத்து பெரிங்கி கடற்கரையில் வைப்பார்களாம். முதலாளி படத்தை மயூரனுக்கு அனுப்பிவிட்டு வழக்கம்போலக் கேட்டார். பதில் வரவில்லை. மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை. நான் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். ஆள் திரையைப் பார்த்தபடி இருக்கிறார், மவுஸ் மேல் இருக்கிற கை அசையவில்லை. மாரடைப்போ என்னவோ என்று ஓடினேன்.

திரையில் வழக்கமான இளைத்த படம். கடற்கரையில் ஒரு கூட்டம், நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர், அவர் மடியில் ஒரு பெண் குழந்தை. முகமெல்லாம் மாவு மாதிரி கலங்கியிருந்தது. உடம்புக்கு என்ன என்றேன். ஒன்றும் இல்லை என்றார். தெரிந்தவர்களா என்றேன். "ஓம்" என்றார். யார் என்று கேட்டேன். கேட்டால்தானே வரும்.

"மடியில இருக்கிறது என் மகள்" என்றார்.

இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் இவருக்குக் கல்யாணம் ஆனதே எனக்குத் தெரியாது. பிறகு நான் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மனைவி சுபாஷினி. அந்த நாற்காலிப் பெரியவர் அப்புத்துரைக்கு மகள். சண்டை, அடிதடி, குடி, ஒரு எழவும் இல்லை. இவர் பேச மாட்டார், அவளுக்குப் பேசாமல் இருக்க முடியாது. சுவரோடு குடித்தனம் நடத்த முடியாது என்று சொல்லிவிட்டாளாம். பிரிந்த பிறகு பிள்ளையைப் பார்க்க வரலாம் என்று கோர்ட்டில் சொன்னார்கள். போனார். பிள்ளை இவரைக் கண்டு அழுதுகொண்டு தாத்தா வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தது. கொஞ்சம் பழகட்டும், பிறகு வாருங்கள் என்றார்கள். இந்த மனுஷனும் சரி என்று காத்திருந்தார். யாரும் வா என்று கூப்பிடவில்லை, இவரும் போய்க் கதவைத் தட்டவில்லை. பெரியவர் காலமானார், அவள் வேறு கல்யாணம் செய்துகொண்டாள், வீடு ஈப்போவுக்குப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வீட்டாரைத் திட்டுவதா இவரைத் திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டு பேரையும் திட்டினேன்.

ஆர்டர் கொடுத்ததே அந்த மகள்தான். பெயர் தாட்சாயினி. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தாத்தா இருந்தபோது எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட கடைசிப் படம் அதுதானாம், வேறு நல்ல பிரதி வீட்டில் யாரிடமும் இல்லையாம். அதை முதலாளியிடம் குரல்செய்தியில் சொல்லியிருந்தாள். மயூரன் அந்தக் குரலை எத்தனை தடவை போட்டுக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

அன்று மாலை இன்னொரு கேள்வி கேட்டேன். இந்தக் கூட்டத்தில் நீ எங்கே நிற்கிறாய் என்று. நான் இல்லை, படம் எடுத்தது நான் என்றார். அப்படியானால் ஒரிஜினல் எங்கே என்றேன். அறையில் பழைய டிஸ்க்கில் இருக்கிறது என்றார். நல்ல கேமராவில் எடுத்தது, எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம்.

நான் கையைத் தட்டினேன். "அப்புறம் என்னா தம்பி? புள்ளியிலேயே போடு."

அவர் தலையை ஆட்டினார். கோட்டிலேயே வரைந்துவிடுகிறேன் என்றார். வரையவும் ஆரம்பித்தார். மாமியார் கொண்டை, மச்சான் தொப்பை, கொழுந்தி கூலிங்கிளாஸ் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறியது. அவ்வளவு கலங்கிய படத்திலிருந்து எல்லாரையும் அச்சு அசலாகப் பிடித்துவிட்டார், முகம் இல்லாமலே. கடைசியில் மடியில் ஒரு வட்டம் போட்டார், இரண்டு குட்டைச் சடை போட்டார். அது யார் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. பெற்ற பிள்ளைக்கு மூஞ்சி வைக்காமல் அனுப்பப் போகிறாயா, உனக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று நன்றாகக் கேட்டுவிட்டேன்.

அப்போதுதான் உண்மைக் காரணத்தைச் சொன்னார். கோட்டில் வரைந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஒரிஜினலைப் போட்டால், இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டிவரும்.

"சொல்லேன். நல்லதுதானே?"

"சொன்ன பிறகு அவ முகத்தைத் திருப்பிக்கிட்டா, அக்கா?"

என் மகன் தினமும் என் முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறான். திருப்பிக்கொள்ள முகம் ஒன்று எதிரே இருக்கிறதே, அதுவே பெரிய வசதி. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வாயில் வந்தபடி சொன்னேன். கேட்டாரா கேட்கவில்லையா என்று தெரியவில்லை. இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. அவர் பக்கம் அது வழக்கம்தான், என் பக்கம்தான் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் முதலாளி, "அந்த ஈப்போ வேலை என்னாச்சு? கோட்டுல முடிஞ்சிருச்சா?" என்றார்.

"புள்ளி" என்றார் மயூரன்.

முதலாளி வாயில் வைத்த தே தாரேக் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். அடடா, அது படம்! பெரியவர் கையில் புடைத்த நரம்பு தெரிகிறது. யாரோ ஒருத்தி முந்தானை காற்றில் பறந்து பக்கத்து ஆள் தோளில் விழுந்திருக்கிறது. எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். குழந்தை மட்டும் கேமராவுக்குச் சற்று மேலே, எடுக்கிற ஆளைப் பார்த்து, பல் தெரியச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு இவருக்கென்று சிரித்தது. பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தை மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மயூரன் ஒரு முடிவோடு இருந்தார். அவளாகக் கேட்கட்டும், கேட்டால் சொல்லிவிடுவேன் என்றார். நானாகப் போய் அவள் காதில் போடக்கூடாது என்று என் மகன் தலை மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. ஆனாலும் வாயே திறக்காத ஆள் இந்த மட்டுக்காவது வந்தாரே என்று ஒப்புக்கொண்டேன். மாதிரிப் படத்தை அவளுக்கு அனுப்பினோம். அன்றைக்கே கேட்பாள் என்று இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டைவிரல் பொம்மை ஒன்று வந்தது, அவ்வளவுதான். கைப்பேசித் திரையில் இளைத்த படமும் ஒன்றுதான், கொழுத்த படமும் ஒன்றுதான். சட்டையில் பார்த்தால் கேட்பாள் என்று அவருக்கு நான் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

ஒவ்வொரு சட்டையையும் நானே அழுத்தினேன். ஒன்றில்கூட ஓரம் தூக்கவில்லை.

சட்டை எடுக்க அவள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். முதலாளி ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். மயூரன் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார், கன்னத்தில் பவுடர்கூட லேசாகத் தெரிந்தது. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டதும் உள்ளே போகப் பார்த்தார். நான் வழியை மறித்து, கவுண்டரில் நிற்க வைத்தேன்.

பெண் நல்ல உயரம், அவர் நெற்றி, அவர் புருவம். ஆனால் வாய் அம்மாவுடையதாக இருக்க வேண்டும், ஏறி வரும்போதே பேச்சு. கீழே கெரெத்தாவை, காரைத்தான், மஞ்சள் கோட்டில் நிறுத்தியிருக்கிறேன், சமன் ஒட்டி அபராதம் போட்டுவிடுவார்கள், சீக்கிரம் அங்கிள் என்றாள். மயூரன் அடுக்கின் மேலிருந்த சட்டையை எடுத்து அவள் முன்னால் விரித்தார்.

அவள் பேச்சு நின்றுவிட்டது. தாத்தா முகத்தைத் தொட்டாள். குனிந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்து, நேராக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அங்கிள், எப்படி இவ்ளோ கிளியரா வந்துச்சு?"

கேட்டுவிட்டாள்! என் கை தானாகக் கும்பிடப் போயிற்று. மயூரன் வாயைத் திறந்தார். நான் பார்த்தேன், திறந்தார். "அது வந்து, நான்..." என்றார்.

"ஏஐ-ல போட்டீங்களா?" என்றாள் அவள். பதிலுக்கு நிற்கவில்லை. "அதானே பார்த்தேன். இப்போ எல்லாத்துக்கும் ஏஐ வந்திருச்சு லா. எங்க கசின் சும்மா ஃப்ரீயில போட்டான், தாத்தாவுக்கு யாரோ மூஞ்சிய வச்சுக் கொடுத்துருச்சு. உங்கது சூப்பர் அங்கிள்."

அவர் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். சொல்லு, சொல்லித் தொலை. அவள் அதற்குள் தன் கைப்பேசிப் படத்தை எடுத்துச் சட்டை பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்த படத்தில் யாரோ கீழ்ப்பக்கத்தை வெட்டியிருந்தார்கள், பெரியவர் முழங்காலோடு படம் முடிந்துவிடும். எங்கள் சட்டையில் பாதம் வரை இருந்தது. குழந்தையின் தொங்கும் கால்களில் சிவப்புச் செருப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் வாத்து.

அவள் சிரித்தாள். "பாருங்க, இதை ஏஐ தானாவே சேர்த்துருக்கு. எனக்கு இப்படி ஒரு செருப்பே இருந்ததில்ல அங்கிள். வீட்ல என் சின்ன வயசுப் படம் எல்லாம் பார்த்துட்டேன், எதுலயும் இல்ல."

எந்தப் படத்தை யார் எடுத்தது, எந்தப் படத்தை யார் கிழித்தது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மயூரனைப் பார்த்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"சில நேரம் அப்படித்தானம்மா. இல்லாததையும் சேர்த்துடும்" என்றார். செருப்பைத் தொட்டுக் காட்டி, "எடுத்துடணுமா?" என்றார்.

"வேணாம் அங்கிள். அழகா இருக்கு" என்றாள். கீழே யாரோ ஹார்ன் அடித்தார்கள். சட்டைப் பைகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு, தேங்க் யூ அங்கிள், தேங்க் யூ ஆன்ட்டி என்று தடதடவென்று இறங்கிப் போய்விட்டாள்.

அவள் கார் கிளம்புகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் ஆரம்பித்தேன். வாயில் என்ன கொழுக்கட்டையா, அவளே கேட்டாளே, கரும்பு தின்னக் கூலியா வேண்டும், ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை. அந்தச் சத்தியத்தை மட்டும் வாங்காமல் இருந்திருந்தால் நான் அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருப்பேன். அவர் அசையவில்லை. ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்க்கவும் இல்லை. எனக்கு மூச்சு வாங்கி, கடைசியில் நானே குரலை இறக்கி, "அவ அம்மா பார்ப்பாள்ல தம்பி, செருப்பைப் பார்த்தா அவளுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும். சொல்ல மாட்டா" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவராகப் பேசினார்.

"பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில வாங்கினது, அக்கா. நடந்தா கீச்சுகீச்சுன்னு சத்தம் வரும். கழட்டவே மாட்டா, தூங்கும்போதும் போட்டுக்கிட்டுத்தான் படுப்பா."

நான் திட்டுவதற்கு இன்னும் எத்தனையோ வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அழகா இருக்குன்னு சொன்னா" என்றார். "நீங்களும் கேட்டீங்கதானே?"